எல்லா வீட்டு வாசலிலும் உன் அப்பா

செந்தில்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் போனில் பேசினோம். நீ நலமாகத்தான் இருக்கிறாய். பேசியதோடு விடாமல் இவள் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். இரண்டாவது "சரிம்மா" வரும்போதே நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும். பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா? தாளில் எழுதினால் அந்தச் "சரிம்மா"வை நான் கேட்க வேண்டியதில்லை. சென்னையில் அந்த அறையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கடைசிவரை படி. நடுவில் மடித்து வைத்துவிடாதே.

போன வாரம் கத்தார் வேலை உறுதியாகிவிட்டது என்று சொன்னாய். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம், நீ மட்டும் போகிறாய், தேன்மொழி இங்கே வாடிப்பட்டியில் எங்களோடு இருக்கட்டும் என்றாய். கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியவர் இன்னும் தன் கயிற்றைத் தேடிக்கொண்டு வருகிறார், அதற்குள் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாய். நான் பேசாமல் இருந்ததும், "என்னம்மா, ரெண்டு வருஷம்தானே" என்று சிரித்தாய். "பார்ப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த "ரெண்டு வருஷம்தானே" உன்னுடைய பேச்சு இல்லை, செந்தில். உன் அப்பா பேசியது. செல்லூரில் நாம் குடியிருந்த அந்த வாடகை வீட்டு வாசலில், நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, மஸ்கட்டுக்குக் கிளம்பிய காலையில் இதே மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். எலக்ட்ரீசியன் வேலைக்கு இங்கே ஒன்றும் பஞ்சம் இல்லை. சொந்தமாக ஒரு வீடு, அதற்கு ஒரு இரும்புக் கேட், கேட்டுக்கு மேலே அவர் கையாலேயே மாட்டிய இரண்டு விளக்கு. இதுதான் அவர் ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் காமிராவோடு வந்து, "அண்ணே, இங்க பாருங்கண்ணே" என்று கத்திக்கொண்டிருந்தார். உன் அப்பா பார்க்கவில்லை. ஆட்டோ வந்துவிட்டதா என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்துப் பக்கவாட்டில் நின்றார். படமும் அப்படியே விழுந்தது. அவர் நம்மிடம் விட்டுப்போன கடைசிப் படத்தில் நம்மைப் பார்க்கவே இல்லை என்று எனக்கு ரொம்ப நாள் கோபம்.

நான் சிம்மக்கல்லில், கயிறு மொத்தக் கடைக்கு மேலே இருந்த இன்ஜினியர் ஆபீசில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதானே வருவாய்? டவுன் பஸ் ஹாரனும், கீழே கயிற்றுக்கட்டு இறக்கும் சத்தமும், மேலே நாங்கள் டிரேசிங் தாளில் மூச்சை அடக்கிக்கொண்டு மைக்கோடு இழுப்பதுமாக ஓடிய காலம் அது. ஒரு வீட்டில் எத்தனை கதவு இருக்கிறதோ அத்தனையையும் ஒவ்வொன்றாக வரைய வேண்டும். நாளைக்கு இன்னொரு வீடு, மறுபடியும் அதே கதவு. கோடு தப்பினால் பிளேடால் சுரண்ட வேண்டும். ரொம்பச் சுரண்டினால் தாள் கிழியும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிறகுதான் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடித் தடுப்பு, ஏ.சி., துணி உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். சுவாமி சன்னிதியில்கூட அவ்வளவு பயபக்தியோடு நான் நின்றதில்லை. சொல்லிக்கொடுக்க வந்த டீச்சரம்மா முதல் வாரத்திலேயே பிளாக் போடக் கற்றுக்கொடுத்தார். "கதவ ஒரு தடவ வரைஞ்சு, பேரு வச்சு எடுத்து வச்சிருங்கக்கா. பெறகு எந்த வீட்டுக்கு வேணுமோ அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்து நிக்கும்" என்றார். நான் நம்பவில்லை. கூப்பிட்டேன். வந்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். இன்னொரு கதவு. அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பைக் கேட்டு இன்ஜினியர் சாரே எட்டிப் பார்த்தார். அந்த மாதத்துக்குள் கதவு, ஜன்னல், வாஷ்பேசின், கிணறு, துளசி மாடம், தென்னை மரம் என்று ஒரு ஊருக்கே வேண்டியதை வரைந்து பெயர் வைத்துவிட்டேன்.

ஒருநாள் சார் முன்தோற்றப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "வெறிச்சுன்னு இருக்கேம்மா. கேட்டுப் பக்கத்துல ஒரு ஆளப் போடுங்க. வீட்டோட உசரம் பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்" என்றார். ஆள் என்றதும் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? கைப்பையில் இருந்த அந்தப் படத்தை எடுத்து, அதன்மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தேன். இடுப்பில் வைத்த கை, சுருட்டி விட்ட சட்டைக் கை, அடர்த்தியான முடி, தெருமுனையைப் பார்க்கும் மூக்கு. பெயரை "ஆள்" என்று வைத்தேன். பிளாக் செய்யும்போது கம்ப்யூட்டர் ஒன்று கேட்கும்: இதை எந்தப் புள்ளியில் பிடித்துத் தூக்குவது? கதவென்றால் அதன் மூலையைக் காட்டுவோம். உன் அப்பாவுக்கு அவசரத்தில் எங்கேயோ தொட்டுவிட்டேன். முதல் தடவை கூப்பிட்டபோது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அந்தரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு குதிகாலில் புள்ளி வைத்ததும் ஒழுங்காகத் தரையில் நின்றார்.

அதற்கப்புறம் நான் வரைந்த எல்லா வீட்டு வாசலிலும் அவர்தான். நீ பையைப் போட்டுவிட்டு, கண்ணாடித் தடுப்பில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு கேட்பாய்: "ம்மா, இன்னைக்கு அப்பா எந்த ஊர்ல நிக்கிறாரு?" "இன்னைக்கு வாடிப்பட்டியில." "நேத்து?" "நேத்து சோழவந்தான்ல ரெண்டு வீடு." மஸ்கட்டில் இருக்கிற அப்பா உனக்கு வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் கேட்கும் குரல் மட்டும்தான். அந்தக் கோட்டுப்படம் தினமும் வந்தது. நீ அழாமல் இருக்கிறாய் என்று எனக்குப் பெரிய நிம்மதி.

சோழவந்தான் ராஜேஸ்வரி கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம், வீட்டுக்காரர் சிங்கப்பூரில். நாங்கள் கொடுத்த வீட்டுப் படத்தை அவர்கள் தபாலில் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒருநாள் மத்தியானம் அந்தப் பெண் படியேறி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. படத்தை என் மேஜையில் விரித்து, கேட்டுப் பக்கத்தில் விரலைக் குத்தினாள்.

"யாருக்கா இந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"எங்க வீட்டு வாசல்ல இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறானே, இவன்தான்! அங்கருந்து போனப் போட்டு அம்புட்டுக் கேள்வி கேக்குறாரு. நான் இல்லாத வீட்டுல ஆம்பளைக்கு என்ன வேலைங்கிறாரு."

"அது வந்து... எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

"உங்க வீட்டுக்காரரு எங்க வீட்டு வாசல்ல எதுக்குக்கா நிக்கணும்?"

ஆபீசே சிரித்தது. சார் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, வீட்டின் உயரம் தெரிவதற்காக ஆள் போடுவதைச் சொன்னேன். அவரும் இங்கே இல்லை, மஸ்கட்டில் இருக்கிறார் என்றும் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "எத்தன வருசமாச்சுக்கா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் மறுபடி வந்தாள், கையில் கல்யாண போட்டோவோடு. "உங்காள எடுத்துட்டு எங்காள நிக்க வைங்க. வீடு கட்டி முடிக்கிற வரைக்குமாச்சும் வாசல்ல நிக்கட்டும்" என்றாள். வரைந்து கொடுத்தேன்.

பேச்சு எப்படிப் பரவியதோ! அப்புறம் வாடிப்பட்டிப் பக்கமிருந்து, சமயநல்லூரிலிருந்து, மேலூரிலிருந்து என்று வந்தார்கள். சவூதியில் ஒருவர், துபாயில் ஒருவர், மலேசியாவில் ஒருவர். போட்டோவை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து, மீசையைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னவர்களும் உண்டு. ஊரில் இல்லாத புருஷன்மார் எல்லாம் என் கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்தார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமையே இருந்தது.

உன் அப்பா முதல் தடவை லீவில் வந்தாரே, ஞாபகமிருக்கிறதா? நீ அவர் பக்கத்தில் போகாமல் கதவோரம் நின்றாய். மெல்ல என் காதில், "ம்மா, கம்ப்யூட்டர் அப்பாவுக்கு நெறைய முடி இருக்கே. இவருக்கு ஏன் இம்புட்டுத்தான் இருக்கு?" என்றாய். ரகசியம் பேசுவதாக நினைப்பு; தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் சிரித்து, தலையைத் தடவிக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து உனக்கு வாங்கி வந்த சட்டைகளை எடுத்தார். ஒன்றுகூட உனக்குப் பற்றவில்லை. தோள் நுழையவில்லை. செல்லூர் வாசலில் கையசைத்த அந்தச் சின்னப் பையனுக்கு அளவு பார்த்து வாங்கியிருக்கிறார், பாவம். சட்டையை மடித்து மடித்து வைத்தார்.

என்னையும் அப்படித்தான் வைத்திருந்தார். மறுநாள் சிம்மக்கல்லில் ரோட்டைக் கடக்கும்போது சட்டென்று என் கையைப் பிடித்தார். கல்யாணமான புதிதில் பஸ்ஸைக் கண்டாலே பயந்து நிற்பேன், அதை நினைத்துக்கொண்டு. நானோ தினமும் அந்த ரோட்டைக் கடக்கிறவள், மொபெட் ஓட்டுகிறவள். கையை விடுவித்துக்கொள்ள மனசில்லாமல், பயந்தவளாகவே நடந்துபோனேன். அக்கரையில் போய் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷன் கையைப் பிடித்தது என்னை இல்லை, பழைய ஒருத்தியை என்று தோன்றியது. நானும் இங்கே பழைய ஒருவரைத்தான் வாசல் வாசலாக நிறுத்திக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

ரெண்டு வருஷம் முடிந்தது. "இன்னும் ரெண்டு வருஷம்தான், அஸ்திவாரம் முடிஞ்சுடும்" என்றார். அப்புறம் இன்னொரு ரெண்டு வருஷம், கூரைக்கு. அப்புறம் தரைக்கு, அப்புறம் உன் படிப்புக்கு. ஒரு தடவை தயார் செய்து வைத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம் இல்லையா, அந்த வாக்கியத்தை அவர் அப்படித்தான் வைத்துக்கொண்டே போனார். அவர் பொய் சொல்லவில்லை, செந்தில். ஒவ்வொரு தடவையும் நம்பித்தான் சொன்னார். நீயும் இப்போது நம்பித்தான் சொல்கிறாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நீ பிளஸ் டூ. அந்த வாரம் நீ உறவுக்காரர் கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தாய், அதனால் இதைப் பார்த்திருக்க மாட்டாய். என்னைக் கூட்டிப்போக ஆபீசுக்கு வந்தவர், என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு காலனி முழுவதற்குமான படம்; தெரு நெடுக வீடுகள், வீட்டுக்கு வீடு வாசலில் அவர். பேச்சில் கேட்டிருக்கிறாரே தவிர, கண்ணால் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். "ஏம்புள்ள, இம்புட்டு எடத்துலயுமா நின்னேன்?" என்றார். நான் ஒரே ஒரு ஆளைத் திறந்து, பக்கத்தில் இருக்கிற மனுஷனைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். முடியைக் குறைத்தேன். கண்ணாடி போட்டேன். வயிற்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். பிளாக்கில் அது ஒரு வசதி. ஒன்றைத் திருத்திச் சேமித்தால் அந்தப் படத்தில் இருக்கிற அத்தனையும் மாறிவிடும். தெரு முழுக்க நின்ற இளவட்டங்களுக்கெல்லாம் ஒரே நொடியில் தொப்பை விழுந்தது.

"அடப்பாவி! எனக்கு வந்தது பத்தாதுன்னு ஊருக்கே தொப்பையப் போட்டுவிட்டியே" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. அந்த முடி ஒரு நொடியிலா கொட்டியிருக்கும்? தினமும் தலையணையில் நாலு, சீப்பில் நாலு என்று போயிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்ட முதல் நாள் யாராவது ஒருவர் அவரைக் கேலி செய்திருக்க வேண்டும். அது நானாக இருந்திருக்க வேண்டும். அதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. லீவுக்கு லீவு மொத்தமாக வந்து இறங்கியதைத்தான் பார்த்தேன்.

வீடு வந்தது, அவர் ஆசைப்பட்ட கேட்டும் விளக்கும் வந்தன. நீ படித்தாய். எதையும் குறை சொல்ல வரவில்லை. அவர் அங்கே வெயிலில் காய்ந்திராவிட்டால் நீயும் நானும் இன்னும் செல்லூரிலேயே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றிருப்போம். ஆனால் வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் புதிதாகப் பழக எவ்வளவு காலம் பிடித்தது என்று உனக்குத் தெரியாது. காபியில் அவர் சர்க்கரையை விட்டுவிட்டது எனக்குத் தெரியவில்லை. நான் முடிவெடுத்துவிட்டுப் பிறகு சொல்கிறவளாக மாறியது அவருக்குப் பிடிபடவில்லை. பெரிய சண்டை ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகளாக இருந்தோம். அதுதான் சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

இப்போது தேன்மொழி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டு மூலையில் என் பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறதே, இன்னும் அக்கம்பக்கத்துக்குச் சின்னச் சின்ன பிளான் போட்டுக் கொடுக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பிளாக்குகளைத் திறந்து, புருஷன்மார் வரிசையைக் காட்டி ராஜேஸ்வரி கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நல்ல பெண், செந்தில். சிரிக்கும்போது நம் வீடே வெளிச்சமாக இருக்கிறது. மறுநாள் காலையில் சமையல் முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கல்யாண ஆல்பத்திலிருந்து நீ மட்டும் நிற்கிற படம் ஒன்று கையில்.

"அத்தை, இவரையும் ஒண்ணு வரைஞ்சு வச்சிருங்களேன்" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் போட்டோவை என் கையில் கொடுத்த பிறகும் அதன் ஓரத்தை அவள் விடவில்லை.

நானும் விளையாட்டாகவே ஆரம்பித்தேன். உன் நெற்றி, உன் தாடை, அப்பாவிடமிருந்து வந்த அந்த மூக்கு. எல்லாம் கை தானாக வரைந்தது. கடைசியில் கம்ப்யூட்டர் கேட்டது: இந்த ஆளை எந்தப் புள்ளியில் பிடிப்பது? குதிகாலில் வைக்க வேண்டும், அவ்வளவுதானே. என் கை போகவில்லை. உன் அப்பாவைக் குதிகாலில் பிடித்து ஊர் ஊராக நிறுத்தியதெல்லாம் ஒரே சமயத்தில் கண்முன்னால் வந்தது. தேன்மொழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் போடுவோம்மா" என்று சொல்லி, சேமிக்காமல் மூடிவிட்டேன். அவள் போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அதை வரைய மாட்டேன். இதுதான் உனக்கு என் பதில்.

போகாதே என்று சொல்லவில்லை. நல்ல வேலை, போ. ஆனால் தனியாகப் போகாதே. குடும்பத்தோடு இருக்க வீடு கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்றால் அந்த ஆறு மாதத்துக்கு இவள் இங்கே இருக்கட்டும்; கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஏழாவது மாதம் நீ வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். நிறுவனம் அதற்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அந்த வேலை உனக்கு வேண்டாம். சின்ன வீடு போதும். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர் தெரிகிற வீடானாலும் பரவாயில்லை. உனக்கு முடி கொட்டினால் அவள் பார்த்துக் கேலி செய்யட்டும். அவள் ரோட்டைக் கடக்கப் பழகுவதை நீ பார். உண்மையைச் சொன்னால், அவள் இங்கேயே இருந்தால் எனக்குத்தான் சுகம். பேச்சுத்துணைக்கு ஒரு பெண் பிள்ளை வீட்டில் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? அந்த ஆசையையும் ஓரமாக வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இதை முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பா கேட் பக்கத்தில் நிற்கிறார். வெள்ளரிக்காய்க்காரர் வரும் நேரம். இடுப்பில் ஒரு கை, தெருமுனையையே பார்த்துக்கொண்டு பக்கவாட்டில், அச்சு அசலாக அதே நிற்பு. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் அத்தனை வாசலில் அந்த ஆளை நிறுத்தினேனே, ஒரு தடவையாவது என் பக்கம் முகத்தைத் திருப்பியதுண்டா?

"என்னங்க" என்று கூப்பிட்டேன்.

"என்ன புள்ள?" என்று திரும்பிப் பார்த்தார்.

அம்மா